குழம்பு ஊற்றுமுன் ஒரு பிடி

நாயில்லாத வளவையும் பூனையில்லாத அடுக்களையையும் எமது இணுவிலிற் காண்பது அரிது. காங்கேசன்துறை வீதியை விட்டு எந்த ஒழுங்கைக்குள் இறங்கினாலும், நாம் படலையைத் தொடுமுன்னரே ஒரு நாய் குரல் கொடுத்துவிடும். குசினிப் படியில் ஒரு பூனை கண்களை மூடிக்கொண்டு, காதை மாத்திரம் உள்ளே சட்டி பானை ஒலிக்கும் பக்கம் திருப்பி வைத்திருக்கும். குறிச்சிக்கொரு வைரவர் கோயில் எடுத்து, அவருக்கு வாகனமாகிய நாயையும் சேர்த்துப் போற்றும் நாடு எம் யாழ்ப்பாணம். தம்மைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புகமாட்டேன் என்று தருமபுத்திரர் நின்ற கதையைப் பாரதத்திற் கேட்டு வளர்ந்தவர் நாம். ஆதலால், இவ்வுயிர்களிடத்து அன்பு வையுங்கள் என்று எம்மவருக்கு எடுத்துரைக்கவேண்டிய தேவை இல்லை.

எடுத்துரைக்கவேண்டியது வேறொன்று. அன்பு காரணமாகவே நாம் அவற்றுக்குச் செய்துவிடும் தீங்குகள் சில உள. "நாங்கள் உண்பதைத்தான் அதற்கும் கொடுக்கிறோம், எங்களுக்குக் காய்ச்சல் வந்தால் விழுங்கும் குளிசையைத்தான் அதற்கும் கொடுக்கிறோம்" என்று பெருமையோடு கூறும் தாய்மார் பலர். பிள்ளையைப்போல வளர்க்கிறோம் என்பது அவர்தம் கருத்து. கருத்தில் யாதொரு குற்றமுமில்லை. ஆனால், நாயின் உடலும் பூனையின் உடலும் பிள்ளையின் உடல் அல்ல. எமக்கு உணவாவது அவற்றுக்கு நஞ்சாகலாம். எமக்கு மருந்தாவது அவற்றின் உயிரையே குடிக்கலாம். இவ்வாரம் இதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

எம் தோட்டத்து நஞ்சு

வலிகாமத்துச் செம்மண்ணின் பெருமையைச் சொல்லப் புகுந்தால், வெண்காயம், புகையிலை, மிளகாய், முந்திரிகை என்று அடுக்கிக்கொண்டே போவோம். வியப்பு யாதெனில், எம் ஊருக்குப் பெயரும் பணமும் தேடித் தந்த இவற்றுள் மூன்று, நாய்க்கு நஞ்சாக உள்ளன.

முதலில் வெண்காயத்தை எடுத்துக்கொள்வோம். வெண்காயத்திலும் உள்ளியிலும் உள்ள கந்தகச் சேர்க்கைகள் நாய், பூனை ஆகியவற்றின் இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைத் தாக்கிச் சிதைக்கின்றன. நாயின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 15 முதல் 30 கிராம் வெண்காயம் உள்ளே சென்றால் இரத்தத்திற் கேடு காணப்படும் என்று மிருக வைத்திய நூல்கள் கூறுகின்றன. பூனைக்கோ கிலோவுக்கு 5 கிராமே போதும். 3 கிலோ எடையுள்ள பூனைக்கு 15 கிராம் என்றால், எம் தோட்டத்துச் சின்ன வெண்காயத்தில் இரண்டு மூன்று என்க. சமைத்தால் நஞ்சு போய்விடும் என எண்ணுதல் தவறு. பச்சையாயினும், வதக்கியதாயினும், பொரித்ததாயினும், பொடியாயினும் அதன் குணம் மாறுவதில்லை. ஒரே நாளில் மிகுதியாக உண்டாற்றான் தீங்கு என்பதுமில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகச் செல்வதும் கேடே.

இதன் சூழ்ச்சி யாதெனில், தீங்கு உடனே வெளிப்படாமையாகும். உண்டு சில நாட்கள் சென்றபின்னரே நாய் சோர்ந்து படுக்கும், சிறிது நடந்தாலும் இளைக்கும், முரசு வெளிறும், சிறுநீர் சிவந்து அல்லது கறுத்துப் போகும். அதற்குள் வீட்டார் உண்ணக் கொடுத்ததை மறந்திருப்பர். 'என்னவோ வருத்தம் வந்து செத்துவிட்டது' என்று கோடியிற் புதைத்துவிட்டுக் கவலைப்படுவர்.

அடுத்து முந்திரிகை, தமிழகத்தார் திராட்சை என்பது. இப்பழத்தை உண்ட நாய்கள் சிலவற்றுக்குச் சிறுநீரகம் செயலிழந்து போகின்றது. எவ்வளவு உண்டால் தீங்கில்லை என்று வரையறுக்க இயலவில்லை. ஒரு நாய் ஒரு குலையைத் தின்று நலமாயிருக்க, வேறொன்று சில பழங்களாலேயே இறக்கவும் கூடும். உலர்ந்த முந்திரிகையோ இன்னும் செறிவுடையது. எம்மவர் 'பிளம்ஸ்' என்று வழங்குவது இதனையே. பொங்கல் நாளிற் புக்கையிலும், விசேட நாட்களிற் பாயாசத்திலும் இதனை இடாத வீடு உண்டோ? மிஞ்சிய புக்கையை நாய்க்கு வைப்பதும் எம் வழக்கமன்றோ? இனி அவ்வாறு வைப்பதற்குமுன் ஒருகணம் நின்று நினைத்தல் வேண்டும்.

முந்திரிகையில் நாயைக் கொல்வது எது என்பது நெடுங்காலம் விளங்காத புதிராயிருந்தது. 2021ஆம் ஆண்டில் அமெரிக்க மிருக வைத்தியர் சிலர், அது அப்பழத்திலுள்ள தாத்தாரிக்கமிலமாக இருக்கலாம் என்று எடுத்துக்காட்டினர். அடுத்த ஆண்டு வெளிவந்த கட்டுரையொன்றில், பழப்புளியைத் தின்ற நாய்களுக்கும் அதேபோலச் சிறுநீரகம் பழுதுற்ற செய்தி கூறப்பட்டது. ஏனெனில் பழப்புளியிலும் அதே அமிலம் மிகுதியாக உண்டு. இவ்வாராய்ச்சி மேல்நாட்டாருக்கு ஒரு விநோதச் செய்தியாக இருக்கலாம். நாள் தவறாமற் புளி கரைக்கும் எமக்கோ அது வீட்டுச் செய்தி.

மூன்றாவது புகையிலை. அதிலுள்ள நிக்கொற்றீன் நாய்க்கும் பூனைக்கும் கடும் நஞ்சு. பெரிய நாய்கள் இதனை விரும்பித் தின்பதில்லை. எதனையும் கடித்துப் பார்க்கும் குட்டிகளே காய்ந்த இலையையும் சுருட்டுத் துண்டையும் மென்றுவிடும். ஆகவே இவற்றைக் குட்டிகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்தல் நன்று.

இனி, எம் அடுக்களையை ஒருமுறை நோக்குங்கள். குழம்பில் வெண்காயம், உள்ளி, புளி, உப்பு, உறைப்பு. சொதியில் வெண்காயம். சம்பலில் வெண்காயம். மீன் உண்ணும் வீடுகளில், 'நாய்க்கு ஆகட்டும்' என்று அன்போடு எடுத்து வைக்கும் மீன்தலையும் அக்குழம்பில் ஊறியதே. ஆகவே கடையிலே விலை கொடுத்து வாங்கும் நாயுணவு இல்லாத வீட்டிற்கு, நாம் கூறும் விதி ஒன்றே: குழம்பு ஊற்றுமுன் ஒரு பிடி. சட்டியிலிருந்து வெறுஞ் சோற்றை முதலில் எடுத்து நாய்க்கென வைத்துவிட்டுப் பின்னர் எமது கோப்பைகளை நிரப்புவோம். மிஞ்சியதைக் கொடுப்பது வழக்கம். முன்னே எடுத்து வைப்பது பேணல். அடுப்பும் அரிசியும் ஒன்றே. செலவு ஒரு சதமும் கூடாது.

வெறுஞ் சோறு நாய்க்குப் போதுமோ என்று கேட்பீர்கள். சோறு அதற்குப் பகையன்று. மனிதனோடு வாழ்ந்த நெடுங்காலத்தில், ஓநாய்க்கு இல்லாத அளவுக்கு மாப்பொருளைச் செரிக்கும் வன்மையை நாய் அடைந்திருக்கிறது என்பதனைச் சுவீடன் நாட்டு உப்சாலாப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் 2013ஆம் ஆண்டில் நிறுவிக்காட்டினர். எனினும் சோறு மாத்திரம் போதாது. வெண்காயமிடாது அவித்த பருப்பு, அவித்த முட்டை, பூசணித் துண்டு, முள் நீக்கி அவித்த மீன் ஆகியவற்றுள் இயன்றதைச் சேர்த்துப் பிசைந்து, காலையும் மாலையும் ஒழுங்காகக் கொடுத்தல் நன்று. சமைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் குத்துமாதலால் அதனைக் கொடுக்கவேண்டா. சொக்கலேற்றும் அதற்கு நஞ்சு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள். நிழலில் ஒரு சட்டி நிறையத் தண்ணீர் எந்நேரமும் இருக்கவேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் அது சோற்றினும் முதன்மையானது.

பூனையும் சைவ வீடும்

"நாங்கள் சைவம்; எங்கள் பூனையும் சைவம். பாலும் சோறுமே உண்ணும்" என்று கூறுவாரை எம் ஊரில் நிறையக் காணலாம். இவ்விடயத்தில் நாம் உண்மையைச் சொல்லியே ஆகவேண்டும். நாய், பல வகை உணவையும் உண்டு வாழவல்லது. பூனையோ புலாலுண்ணவே அமைந்த உடலுடையது.

பூனையின் கண்ணுக்கும் நெஞ்சுக்கும் இன்றியமையாத டோரின் என்னும் சத்து ஒன்று உண்டு. எம் உடலும் நாயின் உடலும் அதனைத் தாமே ஆக்கிக்கொள்ளும். பூனையின் உடலாலோ வேண்டிய அளவு ஆக்க இயலாது. மீனிலிருந்தும் இறைச்சியிலிருந்துமே அது பெறவேண்டும். பாலிற் பிரித்தெடுத்த கேசீன் என்னும் புரதத்தையே உணவாகப் பெற்ற பூனைகளுக்கு விழித்திரை கெட்டுப் பார்வை மங்குவதையும், அது டோரின் குறைவால் வருவதே என்பதையும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1975ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். அதே குறைவால் நெஞ்சுத் தசை தளர்ந்து பூனைகள் இறப்பதும், டோரினைச் சேர்த்துக் கொடுத்தபோது அவை தேறுவதும் 1987ஆம் ஆண்டிற் கலிபோர்னியாவில் அறியப்பட்டன. பாலிலும் சோற்றிலும் வளரும் எம் வீட்டுப் பூனை, வெளியே எலியும் பல்லியும் பிடித்துத் தின்று தன் குறையைத் தானே தீர்த்துக்கொள்வதனாலேயே பிழைத்திருக்கிறது. அதனைக் கதவடைத்து வீட்டுக்குள்ளேயே வளர்த்தால் அந்த வழியும் அடைபட்டுப் போம். பாலைப் பற்றியும் ஒரு சொல்: வளர்ந்த பூனைகளிற் பலவற்றுக்குப் பால் செரிப்பதில்லை; வயிற்றோட்டமே உண்டாகும். அவற்றுக்கு வேண்டுவது தண்ணீர்.

அவ்வாறாயின் சைவ வீட்டார் செய்யத்தக்கது யாது? புலால் மறுத்தல் எம் அறம். அதனை அறிந்து, விரும்பி, நாம் மேற்கொண்டோம். பூனை அவ்வாறு மேற்கொண்டதன்று. எம் நோன்பை அதன்மேற் சுமத்தி, அதன் கண்ணொளியைப் பறிப்பது சீவகாருணியம் ஆகாது என்பதே எமது துணிபு. அடுக்களைக்குள் மச்சம் புக விரும்பாதார், கடைகளில் விற்கும் பூனையுணவை வாங்கிக் கோடிப்புறத்தில் தனிக் கோப்பையில் வைக்கலாம். அவற்றில் டோரின் சேர்த்தே செய்கின்றனர். மச்சம் உண்ணும் வீட்டார், சிறிது சூடை மீனை உப்பும் உறைப்புமின்றி அவித்து, முள் நீக்கி, அவித்த தண்ணீரோடு கொடுக்கலாம். டோரின் தண்ணீரிற் கரைவதாகையால் அத்தண்ணீரை ஊற்றிவிடுதல் ஆகாது. பச்சை மீனை அடிக்கடி கொடுப்பதும் நன்றன்று. சில மீன்களிற் பச்சையாக இருக்கும்போது உயிர்ச்சத்து பி1-ஐ அழிக்கும் பொருள் உண்டு, அவித்தால் அது நீங்கும். இவை ஒன்றும் இயலாது என்பார், பூனை வளர்க்காதிருத்தலே நேர்மையாகும்.

எம் மருந்து அவற்றுக்கு ஆகாது

உணவிற் செய்யும் பிழையிலும் கொடியது மருந்திற் செய்யும் பிழை. எம் நாட்டில் 'பனடோல்' இல்லாத வீடு இல்லை. தலையிடிக்கும் அதுவே, தடிமனுக்கும் அதுவே. பூனை சோர்ந்து கிடக்கக் கண்டு இரங்கி, அக்குளிசையிற் பாதியைப் பாலிற் கரைத்து ஊட்டுவார் உளர். பரசிற்றமோல் என்னும் அம்மருந்தை முறித்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் கொண்ட ஒரேயொரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும், பாதியும் கொல்லலாம். முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும், மூச்சு முட்டும். அறியாது கொடுத்துவிட்டால் மறைக்காமல், காலந்தாழ்த்தாமல், மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள், முறிமருந்து உண்டு. நாய்க்கும் எம் குளிசைகள் ஆகா.

அடுத்தது உண்ணி. உண்ணி இரத்தத்தை உறிஞ்சுவதோடு நில்லாது, இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும் கிருமிகளையும் நாயின் உடலிற் புகுத்திவிடுகிறது. உண்ணிக் காய்ச்சல் என்பது இதுவே. காய்ச்சல், சோறு வேண்டாமை, முரசு வெளிறல் என்பன அதன் குறிகள். வாரம் ஒருமுறையேனும் நாயின் காதுக்குள்ளும், கழுத்தடியிலும், கால் விரலிடுக்கிலும் விரலால் வருடிப் பாருங்கள். காணும் உண்ணியைச் சிறு சாமணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேரே இழுத்து எடுத்தல் வேண்டும்.

எவரேனும் புகையிலைத் தண்ணீர் பூசச் சொன்னாலும், மண்ணெண்ணெய் தடவச் சொன்னாலும், தோட்டத்துக்குத் தெளிக்கும் பூச்சிமருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டச் சொன்னாலும், கேளாதீர்கள். இவை தோல் வழியே உடலுட் சென்று நாயைக் கொல்லும்; நக்கினாலும் கொல்லும். நாய்க்கென விற்கும் உண்ணி மருந்துகளிலும், பெர்மெத்திரின் சேர்ந்தவை பூனைக்கு ஆகா. இழுப்பு வந்து இறந்துபோம். ஆகவே நாயின் மருந்தைப் பூனைக்குப் பங்கிடுதல் ஒருபோதும் கூடாது.

படலை நாய்க்கும் ஊசி

இதுகாறும் வீட்டு நாயைப் பற்றிப் பேசினோம். ஒழுங்கை முடக்கிற் படுத்திருக்கும் நாய் யாருடையது? ஊரவர் அனைவரும் அதற்குச் சோறு போடுவர்; 'எங்களுடையது' என்று சொல்ல ஒருவருமிலர். கட்டாக்காலி என்று பெயர் சூட்டி, நகராட்சியோ சபையோ பார்த்துக்கொள்ளட்டும் என்றிருப்போம்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, நாம் சிறுவர். கையிற் கொண்டுபோக இயன்றதைக் கொண்டுபோனோம். நாய்களைக் கட்டவிழ்த்துவிட்டுப் படலையைச் சாத்தினோம். அன்று அவற்றுக்கு நாம் வேறு யாதும் செய்திருக்க இயலாது. ஆனால் இன்று எம்மை எவரும் துரத்தவில்லை. இன்று ஒழுங்கையிற் கிடக்கும் நாய்களிற் பல, 'பெட்டைக்குட்டி வேண்டாம்' என்று சந்தையடியிலும் கோயில் வீதியிலும் நாமே கொண்டுபோய் விட்டவையும் அவற்றின் வழித்தோன்றல்களுமே. பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்வித்தல், குட்டிகளை வீதியில் விடுவதிலும் எத்துணையோ மேலான அருட்செயல்.

சோறிடுதல் பாதிக் கடனே. மற்றைப் பாதி தடுப்பூசி. விசர்நாய்க்கடி நோய் மனிதருக்குத் தொற்றிக் குறிகள் தோன்றியபின் உயிர் மீள்வது இல்லையென்றே சொல்லலாம். இந்நோயைத் தடுக்க இலங்கையில் 1893ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901இல் வந்தது. ஆயினும் 1973ஆம் ஆண்டில் இந்நாட்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். அதன்பின் நாய்களுக்கு ஊசி போடும் பணி நாடெங்கும் முறையாக நடந்தமையாலும், கடியுண்டாருக்கு அரச வைத்தியசாலைகளில் இலவசமாக மருந்து கிடைத்தமையாலும், அண்மைய ஆண்டுகளில் அத்தொகை இருபது முப்பது என்னும் அளவுக்கு இறங்கியுள்ளது. இறங்கியது; ஒழியவில்லை. ஓர் ஊரிலுள்ள நாய்களில் 100க்கு 70க்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் அங்கு நோய் பரவாது நின்றுவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. வீட்டு நாய்க்கு மாத்திரம் போட்டு, ஒழுங்கை நாயை விட்டுவிட்டால் அந்த 70ஐ எட்டுவது எங்ஙனம்?

ஆகவே எமது வேண்டுகோள் இது. தடுப்பூசி போடும் நாளையும் இடத்தையும் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ மிருக வைத்தியப் பணிமனையிலோ கேட்டறியுங்கள். குட்டி என்றும், வீட்டை விட்டுப் போகாதது என்றும், பூனைதானே என்றும் ஒதுக்காதீர்கள். பூனைக்கும் இந்நோய் வரும். ஆண்டுதோறும் தவறாது போடுவித்தல் வேண்டும். ஒழுங்கையில் நீங்கள் சோறிடும் நாய் உங்கள் குரலுக்கு வரும். வேறெவர் குரலுக்கும் வராது. அதனைப் பிடித்துக் கொடுக்க வல்லவர் நீங்களே.

யாரையேனும் நாய் அல்லது பூனை கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தை ஓடும் தண்ணீரிற் சவர்க்காரமிட்டு 15 நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள் யாதும் பூசவேண்டா. பார்வை பார்ப்பிக்கப் போய் நேரத்தைப் போக்கவேண்டா. அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தொப்புளைச் சுற்றிப் 14 ஊசி என்று முதியோர் சொல்லும் பழைய வேதனை இன்று இல்லை. கையிற் போடும் சில ஊசிகளோடு முடிந்துவிடும். அடிப்பார்களே என்று அஞ்சிக் கடியை மறைக்கும் சிறுவர் உளர். ஆகவே, 'நாய் கடித்தால் ஏசமாட்டோம். உடனே வந்து சொல்' என்று பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவ்வொரு சொல் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

அன்பு எம்மிடம் நிறைய உண்டு. அதனோடு சிறிது அறிவும் சேர்ந்தால், எம்மை நம்பிப் படலையடியிற் படுத்திருக்கும் அவ்வுயிர்களுக்கு நாம் வேறு பெரிய உபகாரம் செய்யவேண்டுவதில்லை. இன்றிரவு சோறு வடித்ததும், குழம்புச் சட்டியைத் திறக்குமுன், அவற்றின் பங்கை எடுத்து வைத்துத் தொடங்குங்கள்.

அடுத்த ஞாயிறு, குட்டிகளுக்கு வரும் புழுநோயையும், அது வீட்டுக் குழந்தைகளுக்குத் தொற்றாது காக்கும் வழிகளையும் பற்றி எழுதுவோம்.